மெகாபிக்சலுக்கு மான் வராது

"எத்தனை மெகாபிக்சல்?" மான் நடமாட்டம் பார்ப்பதற்குத் தானியங்கி கேமரா வாங்கப் போகிறவர் சிலாங்கூரின் ரவாங்கிலும் சரி, பத்தாங் பெர்ஜுந்தையிலும் சரி, முதலில் கேட்பது இதைத்தான். 24 என்றால் பரவாயில்லை, 36 என்றால் நல்லது, 48 என்றால் அதைவிட நல்லது. எண் ஏற ஏற மான் துலக்கமாகத் தெரியும், விலை ஏற ஏற மான் கட்டாயம் படத்தில் விழும் என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றிவிட்டது. இது பொய். தோட்டத்துப் பிள்ளைகளையும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களையும் "நமக்கு இது கட்டுப்படியாகாது" என்று ஒதுங்க வைக்கிற பொய் என்பதால், இதைச் சும்மா விட்டுவிட முடியாது.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண் எங்கிருந்து வருகிறது? இருநூறு முந்நூறு வெள்ளிக்கு விற்கும் கேமராவுக்குள் இருக்கும் ஒளி உணரி சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அது உண்மையில் பதிவது பெரும்பாலும் சில மெகாபிக்சல்தான். மீதியை மென்பொருள் இட்டு நிரப்புகிறது. பக்கத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகளைப் பார்த்து, நடுவில் இன்னொரு புள்ளி இப்படித்தான் இருக்கும் என்று தானே கணித்துச் செருகிவிடுகிறது. படம் பெரிதாகிறது, மானின் உடம்பில் கூடுதலாக ஒரு மயிர்கூடத் தெரிவதில்லை. அந்தப் பெரிய படத்தை அட்டையில் எழுதி முடிக்கும்வரை கேமராவால் அடுத்த படத்தை எடுக்க முடியாது. தாய் விழும், பின்னால் வரும் குட்டி விழாது. அட்டையும் சீக்கிரம் நிறைகிறது, பேட்டரியும் சீக்கிரம் இறங்குகிறது. காசு கொடுத்து வாங்கிய எண்ணே நம் வேலையைக் கெடுக்கிறது.

விலை உயர்ந்த கேமராவுக்கும் இதே மயக்கம் உண்டு. இந்தக் கருவிகளின் பெரிய சந்தை அமெரிக்கா. அங்கே இலையுதிர்காலத்தில் வெண்வால் மானை வேட்டையாடுகிறவர்கள், எந்தக் கிடா எந்த வழியாக வருகிறது, கொம்பில் எத்தனை கிளை என்று பார்க்க இவற்றை வாங்குகிறார்கள். விளம்பரங்கள் அவர்களை நோக்கி எழுதப்பட்டவை. அந்தக் குளிர்ந்த காட்டில் மானின் உடம்புச் சூடு பின்னணியிலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரியும். நம் காடு அப்படிப்பட்டதல்ல.

கேமராவைத் தட்டி எழுப்புவது லென்ஸ் அல்ல. முன்பக்கம் இருக்கும் வெப்ப உணரிதான். சுற்றியுள்ள சூட்டிலிருந்து மாறுபட்ட சூடுள்ள ஓர் உருவம் அதன் எதிரே நகர்ந்தால் அது விழித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் தூங்கிக்கொண்டே இருக்கும். ரவாங்கில் நண்பகல் வெயில் 33 டிகிரியைத் தொடும்போது மானின் தோலுக்கும் அதன் பின்னால் இருக்கும் புதருக்கும் சூட்டில் பெரிய வித்தியாசம் இருக்காது. எதிரே மான் நடந்து போனாலும் கேமரா எழாமல் போகலாம். பெட்டியில் "25 மீட்டர் தூரம்" என்று போட்டிருப்பது விடியற்காலைக்கு ஓரளவு பொருந்தலாம். மதியம் ஒரு மணிக்குப் பாதிகூடத் தேறாது. 48 மெகாபிக்சல் இங்கே என்ன செய்யும்? எழாத கேமராவுக்கு எத்தனை பிக்சல் இருந்து என்ன?

ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. உணரி எழுந்து படம் எடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது? ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே எத்தனை நொடி? இரவு விளக்கு எந்த வகை? 850 நானோமீட்டர் விளக்கு வெகுதூரம் எட்டும்; ஆனால் எரியும்போது மங்கலான சிவப்பு தெரியும், திருடனும் அதைப் பார்ப்பான். 940 நானோமீட்டர் விளக்கு மனிதக் கண்ணுக்குத் தெரியாது. படம் சற்று மங்கலாகவும் குறுகிய தூரத்துக்கும்தான் கிடைக்கும். செம்பனைத் தோட்டத்து ஓரமாக, ஆள் நடமாடும் இடத்தில் வைப்பதானால் இரண்டாவதைத்தான் நான் சொல்வேன். கேமராவை இழப்பதைவிட மங்கலான மான் மேல்.

இந்த நாட்டு மான்களின் கதையில் மிகப் பெரிய மாற்றத்துக்குக் காரணமான படங்கள் எந்தக் கேமராவில் எடுக்கப்பட்டவை என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? 1997 முதல் 2008 வரை தீபகற்ப மலேசியாவில் நடந்த 23 கேமரா ஆய்வுகளின் பதிவுகளை, ஆய்வாளர் கே கவானிஷியும் அவருடன் உழைத்தவர்களும் ஒன்றாகத் திரட்டினார்கள். 40,000-க்கும் மேற்பட்ட கேமரா-இரவுகள் (ஒரு கேமரா ஓர் இரவு காட்டில் இருந்தால் அது ஒரு கேமரா-இரவு), 10,000-க்கும் மேற்பட்ட வனவிலங்குப் படங்கள். புலியின் முக்கிய இரையான கடமான் பல காடுகளில் எந்த அளவுக்கு அருகிப்போயிருக்கிறது என்பதை அந்தப் படங்கள் காட்டின. 2009-இல் கடமானையும் கீஜாங் எனும் குரைக்கும் மானையும் வேட்டையாடுவது நிறுத்திவைக்கப்பட்டது. தடை பிறகு நீட்டிக்கவும் பட்டது. அந்த முடிவுக்கு வலுச்சேர்த்தது இந்தத் தரவு. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளின் பெரும்பகுதியில் காட்டில் இருந்தவை பிலிம் சுருள் போட்ட கேமராக்கள். ஒரு சுருளுக்கு 36 படம். அது தீர்ந்தால் யாராவது மலையேறிப் போய் மாற்ற வேண்டும். இன்று மலிவான கேமரா ஒன்றில் 32 கிகாபைட் அட்டை போட்டால் ஆயிரக்கணக்கான படங்கள் அடங்கும். அவர்களுக்கு வாய்க்காத வசதி இன்று இருநூறு வெள்ளியில் நம் கைக்கு வருகிறது. நாமோ மெகாபிக்சல் போதாது என்கிறோம்!

இன்னும் பின்னால் போனால், ஜார்ஜ் ஷிராஸ் இரவில் எடுத்த மான் படங்களை நேஷனல் ஜியோகிராஃபிக் 1906 ஜூலையில் வெளியிட்டது. வேட்டைக்காரராக இருந்து கேமராவுக்கு மாறியவர் அவர். விலங்கு கம்பியை இடறினால் வெளிச்சம் வெடித்துப் படம் பதியும்படி ஏற்பாடு செய்திருந்தார். அவருக்கு வேண்டியிருந்தது மான் எங்கே எப்போது வரும் என்ற அறிவு. இன்றும் அதே அறிவுதான் வேண்டும்.

கருஞ்சிறுத்தை விஷயத்தைப் பாருங்கள். நம் தீபகற்பத்துச் சிறுத்தைகளில் பெரும்பாலானவை கறுப்பு. உடம்புப் புள்ளி கண்ணுக்குத் தெரியாததால் ஒன்றையொன்று பிரித்து எண்ண முடியாமல் இருந்தது. திரெங்கானுவில் கென்யிர் பக்கம் வேலை செய்த ஆய்வாளர்கள் பகலா இரவா என்று கேமராவுக்குச் சொல்லும் வெளிச்ச உணரியை மறைத்து, பகலிலும் அது இரவு என்றே எண்ணும்படி செய்தார்கள். அகச்சிவப்பு வெளிச்சத்தில் கறுப்புத் தோலுக்குள் ஒளிந்திருந்த புள்ளிகள் தெரிந்தன. 2015-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. அதற்குப் புதிய லென்ஸ் வேண்டியிருக்கவில்லை. இருக்கிற கருவி எப்படி வேலை செய்கிறது என்ற புரிதல் போதுமானதாக இருந்தது.

ஆனாலும் என் வாதத்துக்கு மிகப் பெரிய சான்று வியட்நாமிலிருந்து வருகிறது. வெள்ளிமுதுகுச் சருகுமான் என்றொரு சிறிய குளம்பு விலங்கு 1990-க்குப் பிறகு அறிவியலின் கண்ணில் படவே இல்லை. தேடப் போனவர்கள் முதலில் செய்தது கிராமத்து மக்களிடமும் காட்டுக் காவலர்களிடமும் உட்கார்ந்து பேசியது. சாம்பல் நிறச் சருகுமான் ஒன்றை எங்கே பார்த்தோம் என்று அவர்கள் சொன்ன இடத்தில் மூன்றே மூன்று கேமராக்களை வைத்தார்கள். ஐந்து மாதத்தில் 275 படங்கள். 2019-இல் உலகப் பத்திரிகைகளெல்லாம் கொண்டாடின. கேமரா எந்த மாடல் என்று யாரும் கேட்கவில்லை. அந்த மூன்று கேமராக்களை எந்த மரத்தில் கட்டுவது என்று சொன்னது அந்த ஊர்க்காரர்களின் வாய்.

அப்படிப்பட்ட வாய் நம்மிடமும் இருக்கிறது. ரவாங், செரண்டா, பத்தாங் காலி, புக்கிட் ரோத்தான் என்று வடக்குச் சிலாங்கூர் தோட்டங்களில் நான்கு தலைமுறையாக இருட்டோடு எழுந்து பால்மரம் சீவப் போனவர்கள், பிறகு செம்பனைக் குலை அறுத்தவர்கள் நம் மக்கள். காட்டோரத்து நிரையில் எங்கே பன்றி கிளறும், எந்த ஓடைக்கரையில் கீஜாங் விடியற்காலையில் குரைக்கும், எந்தப் புதரடியில் பிளாண்டோக் எனும் சருகுமானின் விரல் நுனியளவு குளம்படி பதிந்திருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். லயங்கள் காலியாகிக்கொண்டிருக்கின்றன, தெரிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. இதற்கிடையே, கஞ்சிங் காட்டின் மேலே உயரமான தூண்களில் ரவாங் புறவழிச்சாலை 2017-இல் திறக்கப்பட்டது. தினமும் ஆயிரக்கணக்கான கார்கள் அந்தக் காட்டின் தலைக்கு மேலே ஓடுகின்றன. கீழே எது நடமாடுகிறது என்று ஓட்டுகிறவரைக் கேட்டால், "இங்கே இனி என்ன இருக்கப்போகிறது?" என்பார். அந்தப் பதில் பரவப் பரவ, காட்டை வெட்டுவதும் எளிதாகிறது. அதற்கு மறுப்புச் சொல்லப் படம் வேண்டும், தேதி வேண்டும். அந்த வேலையை நாமே செய்யலாம் என்கிறேன். விலையைக் காட்டி அந்த வேலையிலிருந்து நம்மை விரட்டுவதால்தான் இந்த மெகாபிக்சல் மூடநம்பிக்கை மீது எனக்கு இத்தனை கோபம்.

விலை உயர்ந்த கேமராவால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. புலியை வரி வரியாகப் பார்த்து அடையாளம் காண வேண்டிய ஆய்வாளருக்கு வேகமும் தெளிவும் தேவை. மழைக்காட்டில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் கருவிக்கு உறுதியும் தேவை. அவர்கள் வாங்கட்டும். இது கீஜாங்கா சருகுமானா, கிடாவா பெட்டையா, எந்த நேரத்தில் வருகிறது என்று அறிய விரும்பும் நமக்கு அவ்வளவு தேவையில்லை.

எண்ணூறு வெள்ளி இருந்தால் ஒரு கேமரா வாங்காதீர்கள். மலிவானதில் இரண்டு வாங்குங்கள். ஒன்று திருடுபோனாலும் மற்றொன்று மிஞ்சும். ஓரிடத்தில் வராத மான் மற்றோரிடத்தில் வரும். மிச்சக் காசை நல்ல பேட்டரிக்கும் நல்ல அட்டைக்கும் கொடுங்கள். சாதாரண ரீசார்ஜ் பேட்டரி ஒன்று 1.2 வோல்ட்தான் தரும். பல மலிவுக் கேமராக்களில் இரவு விளக்கு அதனால் சோர்ந்துபோகிறது. லித்தியம் பேட்டரி விலை அதிகம், ஆனால் நீடித்து உழைக்கும். வாங்கி வந்ததும் படத்தின் அளவைக் குறைத்து வையுங்கள். வீட்டு வாசலில் கட்டி, விடியலில் ஒரு முறையும் உச்சி வெயிலில் ஒரு முறையும் நீங்களே எதிரே நடந்து பாருங்கள். பெட்டி சொல்லாத உண்மையை அந்த நடை சொல்லிவிடும்.

கட்டுவதிலும் கவனம் வேண்டும். கீஜாங்குக்கு முழங்கால் உயரம், சருகுமானுக்கு அதற்கும் கீழே. தடத்துக்குக் குறுக்காகப் பார்த்தபடி வைத்தால் மெதுவான கேமராவில் வால்தான் விழும். தடத்தைச் சாய்வாகப் பார்க்கும்படி வையுங்கள், மான் சட்டத்துக்குள் நிற்கும் நேரம் கூடும். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் கிழக்கும் மேற்கும் ஆகாது. எழும் வெயிலும் விழும் வெயிலும் நேரே உள்ளே அடிக்கும். வடக்கையோ தெற்கையோ பார்க்கட்டும். முன்னால் ஆடும் கோரையையும் பெரணியையும் ஒதுக்காவிட்டால் வெயிலில் சூடேறிய இலைகளின் படத்தால் அட்டை நிறைந்துவிடும். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் இங்கே மாலை மழை கொட்டித் தீர்க்கும். உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், மூடியின் ரப்பர் வளையத்தைத் துடைத்து மூடுங்கள். எறும்பு கூடு கட்டுவதும் இங்கே சாதாரணம். பிறகு பொறுமை. ஒரு வாரம் பார்த்துவிட்டு "மான் இல்லை" என்று தீர்ப்புச் சொல்வது மெகாபிக்சல் நம்பிக்கைக்கு இணையான தவறு. குறைந்தது ஒரு மாதமாவது அது அங்கேயே இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று, கடுமையாகவே சொல்கிறேன். இந்தக் கேமரா துப்பாக்கிக்கு வழிகாட்டியாகக் கூடாது. 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நாட்டில் இருக்கிறது. உரிமம் இல்லாத வேட்டையும் கம்பிக் கண்ணியும் குற்றம். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பு, மலாயாப் புலி 150-க்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கிறது என்று கண்டது. அந்தப் புலியின் சோறு கடமான். "சிலாங்கூரில் புலி எங்கே?" என்று கேட்டு மானைச் சுடுகிறவர், புலி திரும்பி வரக்கூடிய வழியையும் சேர்த்தே அடைக்கிறார்.

காட்டுக்குள் கேமரா வைப்பதானால் வனத்துறையின் அனுமதியையும், தோட்டமானால் நிர்வாகத்தின் அனுமதியையும் வாங்குங்கள். மான் படம் விழுந்தால் தேதியையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். இடத்தை மட்டும் முகநூலிலோ வாட்ஸ்அப் குழுவிலோ போடாதீர்கள். மான் உப்பு நக்க வரும் இடத்தைத் தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். கண்ணியைக் கண்டால் தொடாமல் படமெடுத்து உடனே வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குத் தெரிவியுங்கள். அடுத்த பள்ளி விடுமுறையில் உங்கள் வட்டாரத்தில் காட்டோரம் வேலை செய்த பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, கேமராவை எந்த மரத்தில் கட்டலாம் என்று கேளுங்கள்.