வயதைக் குழலில் தேடாதீர்கள்

2014 நவம்பரில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், கிரேட் பேசின் தேசியப் பூங்காவின் ஜூனிப்பர் மரமொன்றில் சாய்த்து வைத்தபடியே ஒரு வின்செஸ்டர் லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள் கிடைத்தது. ரைஃபிளின் மரக்கட்டை வெளுத்து வெடித்திருந்தது. அடிப்பகுதி மண்ணில் புதைந்திருந்தது. அது 'மாடல் 1873' என்பது பார்த்ததும் தெரிந்தது. ஆனால் 1873 அந்த வகை அறிமுகமான ஆண்டு மட்டுமே. கோடி நகர அருங்காட்சியகத்தில் உள்ள ஆலைப் பதிவேட்டோடு வரிசை எண்ணை ஒப்பிட்ட பிறகுதான் 1882 என்ற விடை வந்தது. பழைய ரைஃபிளின் ஆண்டை வரிசை எண்ணும் பதிவேடும்தான் சொல்ல வேண்டும்; குழலில் பொறித்த ஆண்டுகளை நம்பக் கூடாது. இந்த மாடலின் குழலிலேயே 1866, 1860 என இரு ஆண்டுகள் இருக்கும். இரண்டும் காப்புரிமைத் தேதிகள். துப்பாக்கி பிறப்பதற்கு முந்தைய ஆண்டை அதன் பிறந்த ஆண்டாகச் சொல்லி விற்கிறவர்களுக்கு அந்த வரி எத்தனை வசதி!

அனுபவசாலியின் கண்ணுக்குத் தேய்மானமும் துருவும் போதும் என்பார்கள். போதாது. துரு, ரைஃபிள் கிடந்த இடத்தைத்தான் சொல்லும். எண்கோணக் குழலும் காலத்தைச் சொல்லாது; அது பல பத்தாண்டுகள் கேட்டவர்க்கெல்லாம் செய்து தரப்பட்டது. ஆண்டு தவறினால் நஷ்டம் விலையில் மட்டுமல்ல. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டம் 1898 வரை செய்யப்பட்டவற்றையே 'பழம்பொருள்' என்று ஏற்கிறது. இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்து தயாரான மாடல் 1894 போன்றவற்றில், ஒரே வகையைச் சேர்ந்த இரு ரைஃபிள்கள் அந்தக் கோட்டின் இரு பக்கமும் நிற்கும்.

காலிபர் விஷயத்தில் கவனம் இன்னும் கூட வேண்டும். இங்கே தவறு கையையும் கண்ணையும் பறிக்கும். மாடல் 1873 முதலில் 44 அளவில் மட்டுமே வந்ததால் தொடக்கக் காலத் துப்பாக்கிகளில் அளவே பொறிக்கவில்லை. 38, 32 சேர்ந்த பிறகுதான் பொறிப்பு தேவைப்பட்டது. பொறிப்பு இருந்தாலும் அது துப்பாக்கி ஆலையை விட்டு வந்த நாளின் நிலையைத்தான் காட்டும். தேய்ந்த குழலைப் பின்னாளில் பெரிதாகக் குடைந்தவர்களும், வேறு குழல் மாட்டியவர்களும் உண்டு. தோட்டாவின் பெயரும் சரியான அளவுகோல் அல்ல. 44-40 என்பதில் நாற்பது, நாற்பது கிரெயின் கருமருந்தைக் குறிக்கும். ஆனால் 44 என்றிருந்தாலும் குண்டின் உண்மையான விட்டம் சுமார் 0.427 அங்குலம்தான். ஆகவே குறைந்த சூட்டில் உருகும் உலோகக் கலவையைத் தோட்டா அறைக்குள் ஊற்றி, வார்ப்பெடுத்து அளப்பதே நம்பத்தக்க வழி. அளவு பொருந்துவதும் போதாது: கருமருந்துக் காலத்து இரும்பு, பிற்காலப் புகையற்ற மருந்தின் அழுத்தத்தைத் தாங்கும் என்பதற்கு உறுதியில்லை. துப்பாக்கி பழுதுபார்க்கும் வல்லுநரிடம் காட்டாமல் எதையும் சுடக் கூடாது.

உடன் கிடைத்த தோட்டா காலத்தைச் சொல்லாதா? நெவாடா ரைஃபிளின் கட்டைக்குள் ஒரு தோட்டா இருந்தது. அது 1887க்கும் 1911க்கும் இடைப்பட்டது. 1882இல் பிறந்த துப்பாக்கி, பின்னரும் யாரோ ஒருவரின் கையில் இருந்ததை அது காட்டுகிறது. பிறந்த ஆண்டைக் காட்டவில்லை. எல்லா ஆலைக்கும் முழுப் பதிவேடு கிடையாது என்ற மறுப்பு நியாயமானது. மார்லின் ஆலையின் ரைஃபிள்களுக்குக் கோடி நகர அருங்காட்சியகத்தில் உள்ள பதிவுகள் 1906உடன் நின்றுவிடுகின்றன. அப்படிப்பட்ட துப்பாக்கிக்கு விற்பவர் 'இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டுக்குள்' என்று எழுதித் தரட்டும். ஒற்றை ஆண்டை எழுதினால், அதற்கான ஆதாரத்தை வாங்குகிறவர் கேட்க வேண்டும்.