சால்வையைப் பிழியத்தான் வேண்டுமா?

வாவிக்கரை வெயிலில் வாழும் நமக்குக் கம்பளி உடை எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஆனால் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் அலுமாரியில் காஷ்மீர் சால்வை ஒன்று மடித்து வைத்திருக்கும் வீடுகள் உண்டு. லண்டனிலிருந்து மகன் உம்மாவுக்கு அனுப்பியதாக இருக்கும். அல்லது பயணம் போன வாப்பா வாங்கி வந்ததாக இருக்கும். அதில் கறி பட்டுவிட்டதென்று சவர்க்காரத் தூள் கரைத்த சுடுநீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழிந்து கொடியில் போட்டால், உம்மா போர்த்திய சால்வை பேரப்பிள்ளைக்குத்தான் காணும். சுருங்கியது சுருங்கியதுதான், பின்னர் இழுத்தாலும் பழைய நிலைக்கு வராது.

இந்த நூல் லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்தில், 4,000 மீற்றருக்கு மேல், கடுங்குளிரில் வளரும் ஆடுகளின் உள்ரோமம். நம் தலைமுடியில் நான்கில் ஒரு பங்கு பருமன்கூட அதற்கு இராது. ஒவ்வோர் இழையின் மேலும் மீன் செதிள் போன்ற நுண்ணிய செதிள்கள் உள்ளன. சூடும் காரமும் தேய்ப்பும் சேர்ந்தால் அவை ஒன்றுடன் ஒன்று பின்னிக்கொள்ளும். மருதமுனைத் தறியில் நெய்த பருத்திச் சாரனை அடித்துத் துவைத்துப் பழகிய கைக்கு இது புதிது.

ஆனால் கை பிழியத் துடிப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. பிழியாவிட்டால் நஜீஸ் நீங்காது, அந்தத் துணியோடு தொழ முடியாது என்று பலர் நினைக்கின்றனர். நமது ஷாபிஈ மத்ஹபில் அப்படி இல்லை. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில், நீர் துணியின் மேல் வந்து சேர்வதையே நிபந்தனையாக்குகிறார்கள். மிகச் சரியான கருத்தின்படி பிழிதல் நிபந்தனையல்ல. இடம் சுத்தமாகிவிட்டால் துணியில் தங்கிய ஈரமும் சுத்தமே.

எனவே நஜீஸின் பொருளை முதலில் அகற்றுங்கள். சால்வையை வெறும் பேசினில் வைத்து, மேலிருந்து நீரை ஊற்றுங்கள். வாளியிலுள்ள கொஞ்ச நீருக்குள் நஜீஸ் பட்ட துணியை அமிழ்த்தினால் அந்த நீரும் நஜீஸாகிவிடும். பாலைத் தவிர வேறு உணவு உண்ணாத, இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தையின் சிறுநீர் என்றால், ஈரத்தை ஒற்றியெடுத்து, அந்த இடம் முழுதும் நனையத் தெளித்தாலே போதும். பெண் குழந்தையானால் ஊற்றிக் கழுவ வேண்டும்.

அழுக்குப் போக்குவதற்கு விலையுயர்ந்த மருந்து தேவையில்லை. ரோமமும் தலைமுடியும் ஒரே இனப் புரதம். பிள்ளைகளின் ஷாம்பூ ஒரு தேக்கரண்டி போதும். கறைநீக்கும் குளோரின் திரவம் மட்டும் வேண்டாம், அது ரோமத்தையே கரைக்கும். குளிர்ந்த நீரில் ஐந்து நிமிடம் அமிழ்த்தி, உள்ளங்கையால் மெல்ல அமுக்கி விடுங்கள். பூவேலை இருந்தால் முன்னதாக ஈர வெள்ளைத்துணியால் ஓர் ஓரத்தை ஒற்றிச் சாயம் போகிறதா என்று பாருங்கள். கச்சான் வீசும் மாதங்களில் கிணறு உவர்க்கும் வீடுகளில், கடைசி அலசலுக்காவது உன்னிச்சைக் குழாய் நீரை எடுப்பது நல்லது.

பிறகு துவாயில் விரித்துச் சுருட்டி அழுத்துங்கள். ஈரம் துவாய்க்குப் போய்விடும். கொடியில் தொங்கவிட்டால் நீரின் பாரத்தில் நீண்டு கோணிவிடும். பாயில் வேறொரு துணி விரித்து நிழலில் பரப்புங்கள். மார்கழி மழையில் இரண்டு நாளும் ஆகலாம். ஆகவே பெரிய கழுவலை மழைக்கு முன்பே முடித்துவிடுவது புத்தி.

'பஷ்மீனா' என்று விற்பதெல்லாம் ரோமமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஓரத்து நூலொன்றைக் கொளுத்துங்கள். முடி கருகும் வாடையும் நொறுங்கும் சாம்பலும் வந்தால் ரோமம். உருகிக் கட்டியானால் அக்ரிலிக். அதற்கு இத்தனை பாடு தேவையில்லை.

அந்து இட்ட முட்டையிலிருந்து வரும் புழுதான் ரோமத்தைத் தின்கிறது. அழுக்கும் வியர்வையும் உள்ள துணியை அது விரும்பும். கழுவாமல் மடித்து வைக்காதீர்கள். பொலித்தீன் பையில் கட்டினால் நமது ஊர் ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும், பழைய பருத்திச் சீலையில் சுற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை எடுத்து உதறி, காற்றாட விரித்துவிடுங்கள். குழந்தையைப் போர்த்தும் சால்வையானால் நப்தலீன் உருண்டை வேண்டவே வேண்டாம். பிறவியிலேயே ஒரு நொதிக் குறைபாடுள்ள சில பச்சிளங் குழந்தைகளுக்கு அதன் ஆவி இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து, கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கும்.