ஒரே ஒரு பீஸ் செய்து தர ஆள் இருக்கிறதா?



என் அப்பா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். 1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்கு வந்த சமயம், ஊர் திரும்பிய துரை ஒருவர் அவருக்குக் கொடுத்த சுங்கான் எங்கள் வீட்டில் இருக்கிறது. அப்பா அதில் ஒருநாளும் புகைத்ததில்லை. அவர் நெஞ்சை அடைத்தது பாறைத் தூசிதான்.

போன மாதம் பேரன் எடுத்துப் பார்க்கும்போது அதன் வாய்க்குழல் முறிந்துவிட்டது. பிரையர் வேர்க்கட்டையில் கடைந்த கிண்ணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வாய்க்குழல் எபோனைட், ரப்பரில் கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூட்டில் இறுக்கிய பொருள். வெளிச்சம் பட்டுப் பழுப்பேறியிருந்தது. உடைந்த முனை கட்டைக்குள்ளேயே மாட்டிக்கொண்டது.

ஓசூரில் நான்கு லேத் பட்டறை ஏறி இறங்கினேன். "எத்தனை பீஸ் சார்?" என்பதே முதல் கேள்வி. ஒன்று என்றதும் முகம் திரும்பிவிடும். கடைசியில் சிப்காட்டில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவர், வீட்டோரம் சின்ன லேத் வைத்திருப்பவர், "வெச்சுட்டுப் போங்க சார், பார்க்கலாம்" என்றார்.

எபோனைட்டுக்கு எங்கே போவது? ராஜமுந்திரி ரத்னம் பேனா, நம் திருவள்ளூர் ரங்கா பேனா எல்லாம் அதில் கடைந்தவைதான். பேனாப் பித்துப் பிடித்த நண்பர் ஒரு துண்டு தந்தார்.

பெரியவர் செய்ததை உட்கார்ந்து பார்த்தேன். உடைந்த முனையில் சிறு திருகாணியை மெல்ல ஏற்றி வெளியே இழுத்தார். துளையை வெர்னியரில் அளந்தார். புது முனையை நூலளவு பெரிதாகவே கடைந்து, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துப் பொருத்தினார். இறுக்கினால் கட்டை வெடிக்கும். தளர்ந்தால் கழன்று விழும். சூட்டில் வளைக்கும்போது துளை அடைபடாமலிருக்க உள்ளே கம்பி விட்டுக்கொண்டார். இரண்டு நாள் வேலை. கேட்டது 300 ரூபாய். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது, கூடவே கொடுத்தேன்.

புகையிலைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. என் மாணவர்கள் யாரும் அதைத் தொட வேண்டாம். நான் சொல்ல வந்தது வேறு. கைக்கடிகாரம் முதல் லாரி வரை செய்கிற ஊர் நம்முடையது. வரைபடம் கொடுத்தால் ஆயிரம் பீஸ் தருவோம். உடைந்ததைப் பார்த்து அளவெடுத்து ஒன்றே ஒன்று செய்யும் அறிவு அறுபது வயதுக்காரர்களோடு போய்விடும்போலிருக்கிறது. இதில் எனக்கும் பங்குண்டு. முப்பது வருடம் சரியான விடைக்குத்தான் மதிப்பெண் போட்டேன். ஒரு பிள்ளையிடமும் உடைந்த பொருளைக் கொடுத்து 'இதைச் சரிசெய்' என்றதில்லை.

ஐ.டி.ஐ.களில் பருவத்துக்கு ஒரு பழுதுபட்ட பொருளையாவது மாணவர் கையில் கொடுங்கள். ஒற்றை பீஸ் வேலைக்குப் பேரம் பேசாமல் கூலி கொடுங்கள். கூலி கட்டினால்தான் கற்றுக்கொள்ள ஆள் வரும்.

உங்கள் தெருவில் இப்படி ஒருவர் இருந்தால் சொல்லுங்கள். என்னிடம் அப்பாவின் சுவர்க்கடிகாரமும் இருக்கிறது.