நம்மூர்ப் படம் நாமே வரைவோம்

2004 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடக்கிய ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மப்’ என்னும் உலகப் படம், தொண்டர் பலர் தத்தம் ஊரின் தெருக்களைக் குறித்துச் சேர்த்தமையால் வளர்ந்ததாகும். இப்பணியை விழையும் மாணவர் சிலர், விலையுயர்ந்த ஜீ.பீ.எஸ். கருவி இன்றியமையாததெனக் கருதித் தயங்குகின்றனர். அத்தயக்கம் வேண்டுவதன்று என்பதே எமது துணிபு.

திறந்த வெளியிலே கைத்தொலைபேசியே ஏறக்குறைய 5 மீற்றர் பிழையுள் இடத்தைக் காட்டும். ஒழுங்கையொன்றைக் குறிக்க அது போதும். நெடுநேரம் நடப்போர்க்கு, மின்கலம் மாற்றத்தக்க கைக்கருவி உதவும். பழைய மாணவர் சங்கம் ஒன்றை வாங்கி இரவல் கொடுத்தல் சாலும். காணியின் எல்லையை அளப்பதோ நில அளவையாளர் தொழில். அதற்கு இவ்விரண்டும் உதவா.

எக்கருவியும் அறியாதன குளத்தின் பெயரும் கேணியின் பெயருமாம். அவற்றையறிந்த முதியோர் நாளுக்குநாள் குறைகின்றனர். கருவிக்குக் காத்திராது, குறிப்பேட்டுடன் அவர்பால் இன்றே செல்வோமாக.