ஸ்ட்ராட்ஃபோர்டில் இரண்டு திருவிழாக்கள்

ஏப்ரலில் செல்லுங்கள் என்றுதான் எல்லோரும் எங்களிடம் சொன்னார்கள். ஷேக்ஸ்பியருக்கு ஞானஸ்நானம் நடந்தது 1564 ஏப்ரல் 26. அவர் மறைந்தது 1616 ஏப்ரல் 23. பிறந்த நாளுக்கு ஏட்டில் சான்றில்லை என்பதால் இறந்த நாளையே பிறந்த நாளாகவும் கொண்டாடிவருகிறார்கள். அதையொட்டிக் கொடிகள் ஏறும். ரோஸ்மேரித் தழையும் மலர்களும் ஏந்திய ஊர்வலம் திருத்துவ ஆலயத்திலுள்ள கல்லறை வரை செல்லும். எங்களுக்கோ விடுப்புக் கிடைத்தது அக்டோபரில். ஸ்ட்ராட்ஃபோர்டில் இறங்கியபோது நகரின் நடுத்தெருக்களில் ராட்டினங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. மாப் சந்தை என்றார்கள். இலக்கிய யாத்திரை வந்தவர்களுக்கு இது என்ன சோதனை என்று முகம் சுளித்தபடிதான் ஹென்லி தெருவுக்குச் சென்றோம்.

அங்குள்ள பிறந்த வீடு 1847இல் ஏலத்துக்கு வந்தபோது பொதுமக்கள் நிதியிலிருந்து 3,000 பவுண்டு கொடுத்து மீட்கப்பட்டது. தோட்டத்தில் தாகூரின் மார்பளவுச் சிலை உண்டு. 1916இல் ஷேக்ஸ்பியரைப் போற்றிக் கவிதை எழுதியவர் அவர். பம்மல் சம்பந்த முதலியாரின் ‘அமலாதித்யன்’ வழியாக ஹாம்லெட்டை முதலில் அறிந்த எங்களுக்கு அந்தச் சிலையின் அருகில் நிற்பது இயல்பாக இருந்தது. ஆனால் வீட்டுக்குள் ஏதும் தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் 1597இல் வாங்கி, பின்னர் உயிர்நீத்த ‘நியூ பிளேஸ்’ மனையில்தான் நெடுநேரம் நின்றோம். அங்கே வீடு இல்லை, தோட்டம் மட்டுமே.

அந்த வெற்றிடத்துக்குக் காரணமானவர் ஃபிரான்சிஸ் காஸ்ட்ரல் என்ற பாதிரியார். ஷேக்ஸ்பியர் நட்டதாகச் சொல்லப்பட்ட முசுக்கொட்டை மரத்தைக் காண ஓயாது வந்தவர்களின் தொல்லை பொறுக்காமல் 1756இல் அதை வெட்டினார். வரித் தகராறு முற்றவே 1759இல் வீட்டையும் இடித்தார். ஊர் அவரை இன்றும் மன்னிக்கவில்லை. ஆனால் அவர் இடித்தது ஷேக்ஸ்பியர் வாழ்ந்த சுவர்களை அல்ல. அந்த வீடு 1702 அளவிலேயே புதுப்பித்துக் கட்டப்பட்டிருந்தது. வெட்டிய மரத்தையும் ஊர் வீணாக்கவில்லை. பெட்டியும் கிண்ணமுமாகக் கடைந்து விற்றார்கள். ஒரு மரத்தில் அடங்காத அளவுக்குப் பொருள்கள் பெருகின. கோடரி எடுத்தவர்மீது எங்களுக்குச் சற்றே இரக்கம் உண்டு. அவர் வாசலில் வந்து நின்ற கூட்டம் நம்மைப் போன்றவர்கள்தாமே?

அந்த மரத்தில் செய்த பேழையைப் பெற்றவர்களுள் நடிகர் டேவிட் காரிக்கும் ஒருவர். 1769 செப்டம்பரில் மூன்று நாள் விழா எடுத்து ஊருக்குப் புகழ் சேர்த்தவர் அவரே. ஏவன் ஆற்றங்கரையில் மரத்தால் வட்ட மண்டபம், விருந்து, வாணவேடிக்கை, தாமே இயற்றிய வாழ்த்துப்பா எனப் பெரும் ஏற்பாடு. மழை கொட்டி ஆறு பெருகியது. நாடக மாந்தர்களின் ஊர்வலம் நின்றுபோனது. மழையை யாரும் தடுத்திருக்க முடியாது. ஆனால் அம்மூன்று நாள்களிலும் ஷேக்ஸ்பியரின் ஒரு நாடகமேனும் நடிக்கப்படவில்லை. திட்டத்திலேயே அதற்கு இடமில்லை. எழுத்தை விட்டு எழுத்தாளரை வணங்கும் வழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான தொடக்கம் இருக்க முடியாது. 1879இல் ஆற்றங்கரையில் எழுந்த நினைவு அரங்கம்தான், எங்கள் கருத்தில், அந்தப் பிழைக்கான பரிகாரம். அது 1926இல் தீக்கிரையாகி, 1932இல் மீண்டும் எழுந்தது. ஒரு நாள் மட்டுமே கையிலிருப்பவர்கள் வீடுகளை விட்டுவிட்டு அரங்குக்குச் செல்லலாம்.

திரும்பும் வழியில் மாப் சந்தையை வேறு கண்ணோடு பார்த்தோம். இன்று ராட்டினமும் தின்பண்டமுமாக இருக்கும் இது, ஒரு காலத்தில் ஆள்பிடிக்கும் சந்தை. அறுவடை முடிந்த பருவத்தில் வேலை தேடுவோர் தெருவில் வரிசையாக நிற்பார்கள். மேய்ப்பன் கம்பளி இழையையும், வண்டியோட்டி சாட்டைக் கயிற்றையும், வீட்டுவேலைப் பெண் தரை துடைக்கும் மாப்பையும் அடையாளமாகக் கொண்டு வருவார்கள். சந்தைக்குப் பெயர் வந்தது அதனால்தான் என்பார்கள். பண்ணையார் வருவார், பார்ப்பார், பேசுவார், அச்சாரமாக ஒரு நாணயம் தருவார். வாங்கிவிட்டால் ஓராண்டு அவருக்கு உழைக்க வேண்டும்.

மனிதரைப் பொருள்போல் நிறுத்தி எடைபோட்ட வழக்கத்தை நாங்கள் அழகுபடுத்த விரும்பவில்லை. ஆயினும் காரிக்கின் விழா வெளியூரார் கொண்டுவந்து இறக்கியது. இது இந்த ஊரின் வயிற்றிலிருந்து பிறந்தது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் இடைபுகுந்து பேசும் மேய்ப்பர்களும் பணிப்பெண்களும் இப்படி நின்ற மக்களின் இனத்தார்தாமே! பிறந்த வீட்டில் கிடைக்காத ஷேக்ஸ்பியர், பஞ்சுமிட்டாய்க் கடைகளின் இரைச்சலில் எங்களுக்குச் சிறிது கிடைத்தார்.

இதற்கு இரு வாரம் கழித்து ‘ஓடிப்போனோர் மாப்’ என்று இன்னொரு சிறு சந்தை உண்டு. அச்சாரம் வாங்கிக்கொண்டு போன இடத்தில் எசமானரைப் பிடிக்காதவர்கள் திரும்பி வந்து வேறு இடம் தேடிக்கொள்ள ஏற்பட்டதாம். அதையும் பார்த்துவிட்டு வர ஆசைதான். எங்கள் விடுப்பு அதற்குள் முடிந்துவிட்டது.