சுவரே, உனக்கு நீயே சுண்ணாம்பு அடித்துக்கொள்!

சனிக்கிழமை காலை பத்து மணி. ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளி. வாசலில் ஃப்ளெக்ஸ் பேனர்: "ஆசிரியர்களுக்கான மன அழுத்த மேலாண்மைப் பயிலரங்கம்". உள்ளே அறுபது டீச்சர்கள். பாதிப் பேர் மடியில் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு. மேடையில் டை கட்டிய ஒரு பயிற்சியாளர். "எல்லாரும் கண்ணை மூடுங்க... மூச்சை நல்லா உள்ள இழுங்க... உங்க கவலையை எல்லாம் ஒரு பலூன்ல அடைச்சுப் பறக்க விட்டுடுங்க..."

அறுபது பேரும் கண்ணை மூடுகிறார்கள். நாலைந்து பேர் நிஜமாகவே தூங்கிவிடுகிறார்கள். (அந்தப் பயிலரங்கத்தால் விளைந்த உருப்படியான நன்மை அது ஒன்றுதான்.)

கண் திறந்ததும் பயிற்சியாளர் தவறாமல் ஒரு பழமொழி சொல்வார். சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுத முடியும்? அதனால் உங்கள் உடம்பை, உங்கள் மனதை, நீங்கள்தான் கவனித்துக்கொள்ள வேண்டும். கைதட்டல். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாளாளர்தான் முதலில் தட்டுவார்.

பழமொழியில் குற்றமில்லை. ஆனால் சுவரில் விரிசல் விட்டால் யார் பூச வேண்டும்? வீட்டுக்காரர்தானே? இங்கே சுவரையே கூப்பிட்டு, "சுண்ணாம்பு வாளி அதோ இருக்கு, நீயே அடிச்சுக்கோ, அதுவும் லீவு நாள்ல வந்து அடிச்சுக்கோ" என்கிறார்கள். இதற்குப் பெயர்தான் முழுமையான நலவாழ்வாம், செல்ஃப் கேராம்!

யோகாவும் தியானமும் கெட்டவை என்று யாரும் சொல்லவில்லை. செய்கிறவர்கள் செய்யட்டும், நல்லது. ஆனால் ஒரு பள்ளி தன் ஆட்களின் நலத்துக்கு என்ன செய்கிறது என்று கேட்டால், பயிலரங்கம் நடத்தினோம் என்பது பதில் ஆகாது. பதில் வேறு இடங்களில் இருக்கிறது. டைம்டேபிளில், கழிவறைக் கதவில், சம்பளப் பட்டியலில்.

முதலில் தொண்டை. ஒரு டீச்சரின் தொழிற்கருவி சாக்பீஸ் அல்ல, தொண்டைதான். தலைக்கு மேல் கடகடவென்று சுற்றும் ஃபேன், ஜன்னலுக்கு வெளியே பஸ் ஹாரன், பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம். இதற்கெல்லாம் மேலே ஒரு நாளைக்கு ஆறு பீரியட் கத்த வேண்டும். மைக் கிடையாது. 2004-இல் அமெரிக்காவின் அயோவா, யூட்டா மாநிலங்களை வைத்து வெளிவந்த ஓர் ஆய்வில், வாழ்நாளில் ஒருமுறையாவது குரல் கோளாறு வந்ததாகச் சொன்ன ஆசிரியர்கள் 57.7 சதவீதம். மற்ற வேலைகளில் இருந்தவர்களில் அது 28.8 சதவீதம்தான். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! போலந்து நாட்டில், நெடுங்காலம் குரலை வருத்தி வேலை செய்ததால் வரும் குரல் நோயைத் தொழில்சார் நோய் என்றே அரசுப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்.

இந்தியாவில்? பி.காம்.மில் தொழிற்சட்டத் தாள் எழுதியவர்களுக்கு 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமும் அதன் மூன்றாம் அட்டவணையும் ஞாபகம் இருக்கும். தொழிலால் வரும் நோய்களின் பட்டியல் அது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. ஈய நஞ்சு உண்டு, நுரையீரலில் படியும் மணல்தூசு உண்டு, இரைச்சலால் காது போவதும் உண்டு. பேசிப் பேசித் தொண்டை போவது மட்டும் இல்லை. மெஷின் சத்தத்தில் காது கேட்காமல் போனால் இழப்பீடு கேட்கலாம். நாற்பது பிள்ளைகளின் சத்தத்தை அடக்கிக் குரல் போனால், வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துக்கொள்ளலாம்.

அடுத்தது கால். துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டம் கொண்டு வந்தது. கேரளா அதற்கு மூன்று வருடம் முன்பே கொண்டு வந்துவிட்டது. நல்ல சட்டம், பாராட்ட வேண்டிய சட்டம். ஆனால் அது கடைகளுக்கும் வணிக நிறுவனங்களுக்கும்தான். பல தனியார் பள்ளிகளில் வகுப்பறைக்குள் நாற்காலியே போடுவதில்லை. போட்டால் மிஸ் உட்கார்ந்துவிடுவாராம்! தப்பித் தவறி மேஜையில் சாய்ந்தாலும் சிசிடிவியில் பார்த்து ஆபீஸ் ரூமிலிருந்து ஆள் வரும். முப்பத்தைந்து வயதில் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு, சேலைக்குள்ளே இறுக்கமான காலுறை மாட்டிக்கொண்டு வரும் டீச்சர்களை எந்த ஸ்டாஃப் ரூமிலும் பார்க்கலாம்.

அப்புறம் தண்ணீர். இதைச் சொல்லப் பலருக்குக் கூச்சம், ஆனால் சொல்லத்தான் வேண்டும். பிள்ளைகள் நேரத்துக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று 2019-இல் கேரளப் பள்ளிகளில் "வாட்டர் பெல்" அடிக்க ஆரம்பித்தார்கள். 2025-இல் தமிழ்நாட்டிலும் அதற்கு உத்தரவு வந்தது. மணி அடிக்கும், பிள்ளைகள் பாட்டிலைத் திறப்பார்கள், சிந்தாமல் குடிக்கிறார்களா என்று டீச்சர் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் குடிப்பாரா? மாட்டார். குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். போனால் வகுப்பை யார் பார்ப்பது? போனாலும் அங்கே தாழ்ப்பாள் இருக்குமா, தண்ணீர் வருமா? காலை எட்டரையிலிருந்து மாலை நாலரை வரை அடக்கிக்கொண்டிருப்பதைப் பழக்கமாக்கிக்கொண்ட பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சிறுநீர்த் தொற்றுக்கு மாத்திரை வாங்கும்போதுகூட அது வேலையால் வந்தது என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. "உடம்பு சூடு மிஸ், இளநீர் குடிங்க" என்பதோடு முடிந்துவிடும். இதற்கும் பலூனில் அடைத்துப் பறக்கவிடும் வித்தைக்கும் என்ன சம்பந்தம்?

நேரத்தின் கதை இன்னும் மோசம். டைம்டேபிளில் "ஃப்ரீ" என்று ஒரு கட்டம் இருக்கும். காலையில் சப்ஸ்டிடியூஷன் நோட்டு வரும், லீவு போட்டவரின் வகுப்பு அந்தக் கட்டத்தில் வந்து உட்காரும். கையெழுத்துப் போட்டாக வேண்டும். லீவு போட்டவரை மற்ற டீச்சர்கள் மனதுக்குள் திட்டுவார்கள். ஒரு ஆளைக் கூடுதலாக வைக்காத நிர்வாகத்தை யாரும் திட்டுவதில்லை. நிர்வாகத்துக்கு எவ்வளவு சௌகரியம் பாருங்கள்! 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்ட அட்டவணையே பாடத் தயாரிப்பு நேரத்தையும் ஆசிரியரின் வேலை நேரத்தில்தான் சேர்க்கிறது. நடைமுறையில் அந்த வேலை நடப்பது இரவு பத்து மணிக்கு, குக்கரைக் கழுவிக் கவிழ்த்த பிறகு.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது பணம். இதைப் பேசினால் உடனே முகம் சுளிப்பார்கள். ஆசிரியர் பணி அறப்பணியாம், காசைப் பற்றிப் பேசலாமா? சட்டமும் இத்தனை காலம் ஏறக்குறைய அதே பாட்டைத்தான் பாடியது. ஆசிரியர் "தொழிலாளி" அல்ல என்று 1988-இல் உச்ச நீதிமன்றம் சுந்தராம்பாள் வழக்கில் சொன்னது. அதனால் வேலையை விட்டு நீக்கினால் தொழில் தகராறு எழுப்ப வழியில்லை. குறைந்தபட்ச ஊதியச் சட்டம் ஆசிரியருக்குப் பொருந்தாது என்று 1996-இல் ஹரியானா பள்ளிகள் வழக்கில் சொன்னது. பணிக்கொடைச் சட்டத்திலும் அவர் "ஊழியர்" அல்ல என்று 2004-இல் சொன்னது. அந்தக் கடைசி ஓட்டையை மட்டும் நாடாளுமன்றம் 2009-இல் அடைத்தது, 1997-லிருந்தே செல்லும்படி. தனியார் பள்ளிகள் சும்மா இருக்குமா? வழக்குப் போட்டன. 2022 ஆகஸ்டில்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்று முடித்து வைத்தது. முப்பது வருடம் கரும்பலகை முன் நின்றவருக்குக் கடைசியில் ஒரு தொகை கொடுக்கலாமா வேண்டாமா என்று தீர்க்கவே இத்தனை வருடம்!

இனி ஒரு சின்னக் கணக்கு. மாதம் 12,000 ரூபாய் வாங்கும் ஒரு தனியார் பள்ளி டீச்சரை இஎஸ்ஐ திட்டத்தில் சேர்த்தால், அவர் பங்கு 0.75 சதவீதம், அதாவது 90 ரூபாய். பள்ளியின் பங்கு 3.25 சதவீதம், 390 ரூபாய். அந்த 390 ரூபாயில் அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் மருத்துவம் கிடைக்கும், உடம்பு முடியாத நாட்களுக்குப் பணம் கிடைக்கும். எத்தனை பள்ளிகள் இதை முணுமுணுக்காமல் கட்டுகின்றன? பயிலரங்கத்துக்கு வந்தவருக்குக் கொடுத்த கவரில் எத்தனை 390 இருந்திருக்கும்? ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை எல்லாம் வாங்கி பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டு, வேலையை விட்டுப் போகவும் விடாமல், "ஸ்ட்ரெஸ் இல்லாம இருங்க" என்று சொல்வதற்கு நல்ல துணிச்சல் வேண்டும்.

"இதெல்லாம் தனியார் பள்ளிக் கதை, கவர்ன்மென்ட் வாத்தியாருக்கு என்ன குறை? அறுபதாயிரம் எழுபதாயிரம் வாங்குகிறார்களே" என்று ஒரு கேள்வி வரும். சம்பளம் நன்றாக இருக்கிறது, உண்மை. ஆனால் 2012-இல் மாதம் 5,000 ரூபாய்க்குப் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை எடுத்ததும் அதே அரசுப் பள்ளிகளில்தான். நிரந்தர ஆசிரியருக்கும் வேலை வகுப்போடு முடிவதில்லை. எமிஸ் தளத்தில் பதிவு செய்தே நேரம் போகிறது என்பது ஆசிரியர் சங்கங்களின் பல வருடப் புகார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் இந்த மூன்றைத் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. அந்த மூன்றே போதாதா? 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தபோது, படிவத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தவர்களில் ஆசிரியர்களும் அங்கன்வாடி ஊழியர்களும் ஏராளம். பல மாநிலங்களிலிருந்து தற்கொலைச் செய்திகள் வந்தன. கேரளத்தில் இறந்தவர் ஒரு பள்ளியின் கடைநிலை ஊழியர். டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, கூடுதல் ஆட்களைப் போட்டுச் சுமையைக் குறையுங்கள் என்று மாநிலங்களுக்குச் சொன்னது. கவனியுங்கள்... மூச்சுப் பயிற்சி கொடுங்கள் என்று சொல்லவில்லை. ஆட்களைப் போடுங்கள் என்றது!

இன்னொரு பழைய பல்லவி, "வருஷத்துல ஒரு மாசம் லீவு". மே மாதம் முழுக்கப் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் ஸ்பெஷல் கிளாஸ் எடுப்பவரிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். ஏப்ரலோடு சம்பளத்தை நிறுத்திவிட்டு ஜூனில் மறுபடி கூப்பிடும் பள்ளிகளும் இருக்கின்றன. அங்கே லீவு என்றால் பட்டினி என்று பொருள். 2020-இல் பள்ளிகள் மூடியபோது காய்கறி விற்கவும் நூறுநாள் வேலைக்கும் போன தனியார் பள்ளி ஆசிரியர்களைப் பற்றிப் படிக்காதவர் யார்? "மாதா பிதா குரு தெய்வம்" வரிசையில் மூன்றாவதாக நிற்பவருக்கு அன்றைக்கு மூன்று வேளைச் சோறு இல்லை.

ஆகவே, நலம் என்று பேச வருகிற பள்ளி, பேனருக்கு ஆர்டர் கொடுக்கும் முன் இதைச் செய்யட்டும். வாரத்தில் இத்தனை பீரியட் யாரும் தொடக் கூடாது என்று எழுதிப் போடட்டும். அதற்காக ஓர் ஆளைக் கூடுதலாக வைக்கட்டும். வகுப்புக்கு ஒரு நாற்காலி. பெண்களின் கழிவறையில் தாழ்ப்பாள், தண்ணீர், குப்பைக்கூடை. பெரிய வகுப்புகளில் ஒரு சின்ன மைக், அது ஒன்றும் வைரம் பதித்தது அல்ல. இரவு ஏழு மணிக்கு மேல் வாட்ஸப் குரூப்பில் உத்தரவு போடாமல் இருக்கட்டும், இதற்குக் காசே தேவையில்லை. பன்னிரண்டு மாதச் சம்பளம், பிஎஃப், இஎஸ்ஐ. சர்டிஃபிகேட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிடட்டும். இத்தனையும் செய்த பிறகும் மனம் கனத்திருக்கிற டீச்சருக்கு ஒரு மனநல ஆலோசகரை ஏற்பாடு செய்யட்டும், அவர் சொன்னது தாளாளரின் காதுக்குப் போகாது என்ற உறுதியோடு. அப்போது யோகா மாஸ்டரையும் கூப்பிடட்டும். யாரும் தடுக்க மாட்டார்கள், வேலை நாளில் கூப்பிட்டால்.

பயிலரங்கம் ஒரு மணிக்கு முடிகிறது. பேனருக்கு முன்னால் குரூப் போட்டோ. "ஸ்மைல் ப்ளீஸ் மிஸ்!" போட்டோ பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்துக்குப் போகிறது. டீச்சர்கள் விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடுகிறார்கள். வேன் டிரைவர் காலையிலிருந்து வேனிலேயே உட்கார்ந்திருக்கிறார். ஆடிட்டோரியத்தில் ஆயாம்மா டீ கப்புகளைப் பொறுக்கிவிட்டு, அறுபது பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருக்கிறார். முழங்கால் வலி அவருக்கு. பயிலரங்கத்தின் வருகைப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.