பிரியாணி ஊரில் ராத்திரிக்கு என்ன சமையல்?

ஆம்பூர் என்றதும் பிரியாணிதான் நினைவுக்கு வருகிறது. சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே ஓடுகிற வண்டிகள் அதற்காகவே அங்கே நிற்கின்றன. சீரகச் சம்பா அரிசி, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், தொட்டுக்கொள்ளப் புளிப்பான கத்திரிக்காய் என்று அதன் பக்குவம் வெளியூர்க்காரர்களுக்கும் மனப்பாடம். அதே ஊரில், அதேபோல் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் ராணிப்பேட்டையிலும், மாலையில் ஷூ கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கிற பெண்கள் அன்று ராத்திரிக்கு என்ன சமைக்கிறார்கள் என்று கேட்டால் அச்சில் பதில் கிடைப்பது அரிது. விருந்துச் சாப்பாட்டுக்கு இருக்கிற எழுத்து அன்றாடச் சாப்பாட்டுக்கு இல்லை. இதை ஒரு சிறிய குறையாக என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு வேலை எழுத்தில் இல்லாதவரை அதை இன்னொருவர் கையில் கொடுக்க முடியாது. தோல் தொழிலை நம்பி வாழும் இந்த வட்டாரத்தில் இரவுச் சமையல் பெண்ணின் கையை விட்டு நகராமல் இருப்பதற்கு அது எழுதப்படாமல் இருப்பதும் ஒரு காரணம்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-ல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வைப் பாருங்கள். கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்களில் அந்த வேலையைச் செய்கிறவர்கள் 88 நிமிடம். அது இந்தியா முழுமைக்குமான கணக்கு. அந்தக் கணக்கை ஷூ கம்பெனியில் எட்டு மணி நேரம் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டு வருகிற பெண்ணின் நாளோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். வீட்டிலேயே ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கிற பெண்ணுக்குச் சிக்கல் வேறு விதம். அவருக்கு ஜோடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அடுப்படியில் நிற்கும் ஒவ்வொரு அரை மணிக்கும் அன்றைய ஜோடிக் கணக்கு குறைகிறது. இந்த இருவருக்கும் சமைக்கிற நேரத்தோடு இன்னொரு பாரமும் உண்டு. என்ன சமைப்பது, வீட்டில் என்ன இருக்கிறது, பிள்ளைகள் எதைத் தொடமாட்டார்கள், கேஸ் எத்தனை நாள் வரும் என்ற யோசனை மத்தியானமே மண்டைக்குள் ஓடத் தொடங்கிவிடுகிறது. எந்த ஆய்வின் நிமிடக் கணக்கிலும் அது வராது.

சமையலை எழுதிவைத்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழில் நல்ல சான்று இருக்கிறது. எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951-ல் வெளிவந்தது. பக்கத்தில் மாமியாரோ அம்மாவோ இல்லாமல் வேற்றூரில் குடித்தனம் நடத்திய ஒரு தலைமுறைப் பெண்கள் அந்த அளவுகளை நம்பி உலை வைத்தார்கள். வெளிநாடு போன தமிழ் இளைஞர்களும் அதைப் பெட்டியில் வைத்து எடுத்துப்போனார்கள். அளவும் வரிசையும் தாளில் இருந்ததால், அதுவரை கரண்டி பிடிக்காத ஆணும் ரசம் வைக்க முடிந்தது. ஆனால் அந்தப் புத்தகம் ஒரு சமூகத்தின் சைவச் சமையலறையிலிருந்து எழுதப்பட்டது. அது அதன் குற்றமில்லை; அவர் தாம் அறிந்ததை நேர்மையாக எழுதினார். இந்த வடாற்காட்டு வட்டாரத்தின் களிக்கும் கருவாட்டுக் குழம்புக்கும் அப்படி ஒரு மீனாட்சி அம்மாள் வாய்க்கவில்லை என்பதுதான் இழப்பு.

வேறு ஊர்க் குறிப்பைப் பார்த்துச் சமைத்துக்கொள்ளலாமே என்றால், முதலில் தண்ணீர் இடிக்கும். பாலாற்றுப் படுகையில் தோல் கழிவு செய்த கேட்டை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கின் தீர்ப்பில் பதிவுசெய்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதுமோ பயிருக்கு உதவாமல் போனதை அந்தத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. உப்பேறிய கிணற்றுத் தண்ணீரில் பருப்பு எத்தனை விசில் விட்டாலும் விதைவிதையாகத்தான் நிற்கும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாளில் கேன் தண்ணீரை எதற்கு ஊற்றுவது, எதற்கு ஊற்றக் கூடாது என்று இங்குள்ள பெண்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். பருப்பு வேகவைக்க நல்ல தண்ணீர், காய் கழுவ உப்புத் தண்ணீர் என்ற அந்த அறிவு எந்தத் தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சியிலும் கிடைக்காது. இந்த அறிவோடு எழுதிவைக்கக்கூடிய ஒரு இரவுச் சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம்: கேழ்வரகுக் களியும் கத்திரிக்காய்க் கடைசலும். நான்கு பேருக்கு அரை டம்ளர் நொய்யைக் காலையிலேயே ஊறவைத்துவிட்டுப் போனால், மாலையில் ஆறு டம்ளர் தண்ணீர் கொதிக்கும்போது போட்டுச் சீக்கிரம் வெந்துவிடும். அதன் நடுவில் இரண்டு டம்ளர் கேழ்வரகு மாவைக் குவித்துக் கொட்டி, துடுப்பால் ஒரு குழி செய்து, தீயைத் தணித்து மூடிவைக்க வேண்டும். உடனே கிளறினால் கட்டி தட்டும். மாவு வெந்த வாசனை வந்த பிறகே கிண்ட வேண்டும். அது மூடியிருக்கும் நேரத்தில் பக்கத்து அடுப்பில் கால் கிலோ கத்திரிக்காய், இரண்டு தக்காளி, வெங்காயம், நாலைந்து பச்சை மிளகாய், பூண்டு, சுண்டுவிரல் நுனியளவு புளி எல்லாம் குக்கரில் இரண்டு விசில். மத்தால் கடைந்து கடுகு தாளித்தால் முடிந்தது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வேலூர் மாவட்டத்துக் காய்தான். அது கிடைத்தால் கடைசலின் ருசியே வேறு. உலை வைத்ததிலிருந்து நாற்பது நிமிடத்துக்குள் தட்டு வைத்துவிடலாம். சத்திலும் களி முந்துகிறது: அரிசியில் பெயருக்குத்தான் சுண்ணாம்புச் சத்து உண்டு. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. முருங்கைக்கீரையிலும் அதற்குக் குறைவில்லை. சத்துள்ள சாப்பாட்டின் தேவையும் சிறிதல்ல: தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. ரத்தசோகையை ஒரு வேளைக் களி தீர்த்துவிடாது. ஆனாலும் கீரையும் கடலையும் கேழ்வரகும் விளைகிற மண்ணில் களைப்பு மிகுந்த இரவுகளில் பரோட்டாப் பொட்டலமே வீட்டுக்கு வருகிறதென்றால், அங்கே பணத்தைவிட நேரமும் யோசனையுமே தட்டுப்பாடாக இருக்கின்றன.

சமையல் கைப்பக்குவம், அதை எழுத முடியாது என்பார்கள். களிக்கும் கீரைக்கும் குறிப்பு எதற்கு, எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்றும் சொல்வார்கள். எல்லாருக்கும் என்றால் யாருக்கு? பள்ளி முடித்த கையோடு கம்பெனியில் சேர்ந்த பெண்ணுக்குத் துடுப்பு பிடிக்கக் கற்றுக்கொள்ள நேரம் இருந்ததில்லை. அவள் கணவனுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததும் இல்லை. கைப்பக்குவ வாதத்துக்கு ஆம்பூர் பிரியாணியே பதில் சொல்லும். ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ கறி, அதற்கேற்ற மிளகாய் விழுது என்று அளவு வாய்விட்டுச் சொல்லப்பட்டதால்தான் அது ஊர் ஊராகப் போனது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கல்யாணத்திலும் கடையிலும் விறகு மூட்டி, தேக்சாவுக்குத் தம் போட்டு, நூறு பேருக்குப் பதம் பார்க்கிறவர்கள் இந்த ஊர்களில் பெரும்பாலும் ஆண்கள். அவ்வளவு பெரிய நெருப்பைக் கட்டி ஆளும் கைக்கு வீட்டுக் குக்கரில் இரண்டு விசில் விடத் தெரியாது என்பதை நான் ஏற்கமாட்டேன். கூலியும் பேரும் கிடைக்கிற சமையல் ஆணுக்கு, இரண்டுமே கிடைக்காத சமையல் பெண்ணுக்கு என்று பிரித்துவைத்திருக்கிறோம். எழுதி எல்லார் கண்ணுக்கும் வைத்துவிட்டால் ‘எனக்குத் தெரியாது’ என்ற சாக்குக்கு இடமில்லை.

இதைவிடக் கடினமான தடை ஒன்று இருக்கிறது. ராத்திரி அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று சொன்னாலே யார் வீடு என்று சொன்னதாகிவிடுகிறது. தோல் தொழிலில் கைவைத்து உழைப்பவர்களில் தலித்துகளும் முஸ்லிம்களும் ஏராளம். 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்த ஏற்பாடு செய்து, மாட்டுக்கறி பிரியாணியைச் சேர்க்காமல் விட்டது. எதிர்ப்பு எழுந்தது, மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. ஊரில் கடை போட்டு விற்கிற, பலர் விரும்பி உண்கிற ஒன்றுக்கே ஊர் விழாவில் இடமில்லை என்றால், தன் வீட்டுக் குழம்பை எழுத ஒரு பெண் எப்படித் துணிவார்? அதனால் பகிர்வதை விட்டுவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். மராத்தியில் சாகு பட்டோலே 2015-ல் மராத்வாடா தலித் மக்களின் உணவைப் புத்தகமாக்கினார். பின்னர் அது ஆங்கிலத்துக்கும் போனது. மறைத்துச் சாப்பிட்ட உணவு பெயரோடும் பக்குவத்தோடும் அச்சேறியது. இங்கே இரவுச் சமையலுக்கு ஒரு பட்டியல் எழுதினால், அதிலும் கருவாடும் மாட்டுக்கறியும் தால்ச்சாவும் புளிச்சகீரையும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். ஒன்றை நீக்கிவிட்டு வெளியிடுவதென்றால் வெளியிடாமலே இருக்கலாம்.

கூலியையும் வேலை நேரத்தையும் பேசாமல் சமையல் குறிப்பைப் பேசுவது திசைதிருப்பல் என்று தொழிற்சங்கத்தார் சொல்லக்கூடும். அதில் பாதி நியாயம் இருக்கிறது. 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா சட்டப்பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்பு வலுத்ததும் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. அது சட்டமாகியிருந்தால் எந்தக் குறிப்பும் அந்தப் பெண்ணைக் காப்பாற்றியிருக்காது. வேலை நேரத்துக்கான போராட்டம் முதலிடத்தில் இருக்கட்டும். ஆனால் எட்டு மணி நேரம் முடிந்து இருவரும் வீடு திரும்பிய பிறகு, ஒருவர் கட்டிலிலும் ஒருவர் அடுப்படியிலும் இருப்பதற்குக் கம்பெனி முதலாளி காரணமில்லை. அந்த மறுபாதியையும் தொழிற்சங்கம் பேசியாக வேண்டும்.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் எந்தக் கிழமைக்கு என்ன உணவு, ஒரு பிள்ளைக்கு எத்தனை கிராம் என்று அரசே எழுதிவைத்தது. மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் அதைப் பார்த்துச் சமைக்கிறார்கள். அதே குழுக்கள் குடியாத்தத்திலும் ஆம்பூரிலும் மேல்விஷாரத்திலும் கூடி, வாரத்துக்கு ஏழு இரவுச் சாப்பாட்டை அளவு, நேரம், செலவு, எந்தத் தண்ணீர் என்ற விவரத்தோடு எழுதித் தரலாம். தமிழிலும் உருதுவிலும் அச்சடித்துக் கம்பெனி கேன்டீன் சுவரிலும் ரேஷன் கடை வாசலிலும் ஒட்டலாம். எழுதிய பெண்ணின் பெயரும் அதில் இருக்க வேண்டும். பத்திரிகைகள் பண்டிகைப் பலகார இணைப்புக்குத் தருகிற பக்கங்களில் ஒன்றை இதற்குத் தரட்டும். ஆண்களிடம் ஒரு வேண்டுகோள்: அந்தப் பட்டியல் ஒட்டப்படும் வரை காத்திருக்க வேண்டாம். மேலே களிக்கும் கடைசலுக்கும் அளவு இருக்கிறது. இன்று மாலை முதலில் வீடு திரும்புகிறவர் நீங்களாக இருந்தால், நொய்யைக் கழுவி உலையில் போடுங்கள்.